போர்டு போகவில்லை

நாற்பத்தேழு வயதில் எனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினேன். காரைக்குடியில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மாலையில் மானகிரிக்குத் திரும்பி, சமையலை முடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அடுத்த ஒரு மணி நேரம் பனிமலைச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுவேன். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வேலையாட்கள் கம்ப்யூட்டரைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது திரும்ப வந்ததிலிருந்துதான் தொல்லை. லாரி மேடேறும்போது திரை கறுத்துவிடும். பிறகு விளையாட்டைத் தொடங்கிய உடனேயே கறுத்தது. கடைசியில் விளையாட்டு வரைக்கும் கூடப் போகவில்லை. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றும், நாலு வரி எழுத்து வரும், அணைந்துவிடும்.

கணவரும் நானும் அதை டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் ஒரு தடவை ஆன் செய்து பார்த்தார். அணைந்தது. என் பக்கம் திரும்பாமல் கணவரிடம் சொன்னார்: "மதர்போர்டு போயிருச்சு சார். புதுசா வாங்கிருங்க. கேம் விளையாடுறது யாரு, பையனா?"

"நான்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். கணவரும் சேர்ந்து லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மூடியைக்கூடக் கழட்டலையே. போர்டு போச்சுன்னு எப்படிச் சொல்றீக?"

"எத்தனை பார்த்திருக்கோம், அனுபவம்தாம்மா."

"அப்ப கொடுங்க. நானே பாத்துக்கிறேன்."

வீட்டில் நாட்டரசன்கோட்டையிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். பெட்டியோடு நாங்கள் திரும்பி வந்ததைப் பார்த்ததும், "போனது நல்லதுக்குத்தேன். இந்த வயசுல என்னத்தா வெளாட்டு? நாலு பேரு என்ன சொல்வாக?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெட்டியைப் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.

எதையாவது உடைத்துவிட்டால் வீடு முழுக்கச் சொல்லிக்காட்டும். ஆனாலும் கழற்றினேன். ரேம் என்ற நினைவகப் பட்டை இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். அணைந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுத் திரையின் வயரை நேராகப் போர்டில் செருகினேன். அப்போதும் அணைந்தது.

"சொன்னாக் கேக்குறியா?" என்று கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அலுத்துப்போய் எழுந்து குளிக்கப் போனேன். திரும்பி வந்து பொத்தானை அமுக்கியபோது கம்ப்யூட்டர் முன்னைவிடக் கூடுதல் நேரம் ஓடியது. அணைந்ததும் உடனே மறுபடி போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் அணைந்தது. ஆறப்போட்டால் ஓடுகிறது, ஆறாவிட்டால் ஓடவில்லை. போர்டு போயிருந்தால் அதற்கு ஏன் ஆற அவகாசம் வேண்டும்?

நன்றாக ஆறவிட்டு, மறுபடி போட்டவுடன் செட்டிங்ஸ் திரைக்குப் போனேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் சூடு அங்கே தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் உலைத் தண்ணீர் போல ஏறியது. உச்சிக்குப் போனதும் திரை அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறிக்கு நாலு கால். அதில் ஒன்று போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளையடிக்கத் தூக்கியபோது எங்கோ இடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட விசிறி சும்மா சுற்றியதே தவிர, சூட்டை இழுக்கவில்லை.

ப்ராசஸரின் சூட்டை விசிறிக்குக் கடத்தும் பசையும் காய்ந்து பொருக்காயிருந்தது. மறுநாள் அலுவலகம் விட்டதும் அதே கடைக்குத்தான் போனேன். வேறு கடை இல்லாமல் இல்லை.

"தெர்மல் பேஸ்ட் ஒண்ணு கொடுங்க."

"யாரும்மா போடுவா?"

"போடத் தெரிஞ்சவுக."

அன்று மாலையே பழைய பசையைத் துடைத்து, புதிதை வைத்து, நாலு கால்களையும் டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். பொத்தானை அமுக்கி மறுபடி செட்டிங்ஸ் திரைக்குப் போனேன். சூடு கொஞ்சம் ஏறி, அதே இடத்தில் நின்றது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி லாரியை எடுத்தேன். மேடு ஏறியது, இறங்கியது, அடுத்த ஊருக்கே போய்விட்டது.

கணவர் பின்னால் வந்து நின்றார். "அப்ப போர்டு?"

"போர்டுக்கு ஒண்ணுமில்ல. கடைக்காரர் சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீகளே, அதுதான் எனக்குச் சரியாகல."

அவர் அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தார். நான் எழுந்து போகவில்லை.

நாத்தனார் மட்டும் விடவில்லை. "உன் வயசுப் பொம்பளைங்க கோயில் குளம்னு போறாக. நீ லாரி ஓட்டுற."

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போறேன் மதினி. லாரியும் ஓட்டுறேன்."

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர் ஊருக்குக் கிளம்பும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்காக ஒரு மாலைகூட நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.