டிவியில் மட்டும் இருந்த பச்சை

போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் பச்சையாகச் சிரித்தார். முகமே பச்சை!

பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். வீரபாண்டியில் எங்களுக்குக் குழந்தைகள் உடுப்பு தைக்கும் சின்னக் கம்பெனி. ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்கும் பையரம்மா வருவதாக மெயில். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் இந்த சீசனில் மெஷின் ஓடும். டிசைன்களைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்று வீட்டுக்காரர் புது எச்.டி. டிவி வாங்கினார். லேப்டாப்தான் பழசு... டிவியோடு வந்த ஒயர் அதில் நுழையவே இல்லை.

நல்லவேளை, டிவியின் முதுகில் பழைய மாடல் ஓட்டையும் ஒன்று இருந்தது. உள்ளே முள் முள்ளாக இருக்குமே, அந்த நீலத் தலைக் கேபிளை வாங்கி வந்தோம்.

"ஏனுங்க, தலைகீழா சொருகறீங்களாட்ட இருக்குது?"

"சும்மாரு புள்ள. ஓவர்லாக் மெஷினையே பிரிச்சு மாட்டறவனுக்கு இது தெரியாதா?" — ஓங்கி ஓர் அழுத்து.

திருப்பிச் சொருகியதும் படம் வந்தது. ஆனால் ஒரு முள் வளைந்துவிட்டது. திரையில் சிவப்பு என்பதே இல்லை. லேப்டாப் வால்பேப்பரில் இருந்த அவர் பச்சை முகத்தோடு சிரித்தார். சரிசெய்ய நேரமேது? வாசலில் பையரம்மாவின் கார்!

வெளிர் ஆரஞ்சான பீச் கலர் ஜப்லா ஒன்று டிவியில் மயில்பச்சையாக ஜொலித்தது. மேஜை மேலிருந்த நிஜத் துணியை ஒதுக்கிவிட்டு, அந்த அம்மா டிவியைக் கைகாட்டினார். "இந்தக் கலர்தான் வேண்டும். சாயம் போட்டு ஒரு துண்டு அனுப்புங்கள். பிடித்தால் ஆர்டர்."

எந்தத் துணியிலும் இல்லாத கலருக்கு எங்கே போவது?

மறுநாள் சாயம் போடும் டையிங் மாஸ்டர் வந்தார். தூத்துக்குடிக்காரர். கலர் கலராகத் துணித் துண்டுகளோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

"என்னம்மா, பச்சைன்னிய... இது பீச்சால்லா இருக்கு?"

"காலைலதானுங்க மாஸ்டர் ஊசியில நெம்பி அந்த முள்ள நேராக்குனேன். இப்ப சுத்தமா சரியாயிருச்சு!" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்கள யாருங்க சரி பண்ணச் சொன்னாங்க? மறுக்கா வளைங்க!"

வளைத்தார். தப்பான முள். திரை முழுக்க ஊதா. மறுபடி நெம்பினார்... மயில்பச்சை எட்டிப் பார்த்தது.

"ஆங்! அசையாதிய மொதலாளி! அப்படியே புடிங்க!" என்று மாஸ்டர் கத்தினார். கலர் பொருந்தும்வரை எங்கள் முதலாளி டிவிக்குப் பின்னால் குனிந்தபடி கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

துண்டு ஜெர்மனி போனது. நேற்று பதில் வந்தது. ஓகே! ஆர்டரும் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் தப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. பையர் ஓகே சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் டிசைன். எத்தனை குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றனவோ!

ஓகே ஆன சாம்பிளைக் கவரில் போட்டு சீல் வைத்து, சரக்கு கப்பலேறும்வரை பத்திரமாக வைத்திருப்பது எங்கள் தொழில் வழக்கம். இப்போது ஆபீஸ் பீரோவில், மயில்பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில், சீல் வைத்த இன்னொரு கவருக்குள் ஒரு கேபிளும் தொங்குகிறது. மேலே வீட்டுக்காரரின் கையெழுத்து —

"அப்ரூவ்டு. யாரும் நேராக்கக் கூடாது."