கம்பி வலையில் ஏறிய காந்தள்

எங்கள் வீட்டுக்கு மண் கிடையாது. ஜமுனாமரத்தூரில் வாடகைக்குப் பிடித்தபோது வீட்டுக்காரர் இதைச் சொல்லவே இல்லை. வாசலில் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று பாறையில் முட்டும். மேற்கே பார்த்த வீடு வேறு. மத்தியானமானால் வெயில் நேராக அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, வளைவில் திணறி ஏறும் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் நான் என்ன குழம்பு வைக்கிறேன் என்று எட்டிப் பார்ப்பார்கள். தாலுகா ஆபீஸ் வேலைக்காகத் திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்தவள் நான். வேடிக்கைப் பொருளாக இருக்க வரவில்லை.

அதனால் வாசலை மறைத்துக் கம்பிச் சட்டம் நிறுத்தி, வலை அடித்து, கொடி ஏற்றிவிடலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். சட்டம் திருப்பத்தூர் வெல்டிங் பட்டறையில் செய்து பஸ் கூரையில் வந்தது. நீல பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் தேங்காய்நார்த் தூளும் கலந்து நிரப்பினோம். எல்லா டிரம்மும் ஒரே நீலம், ஒரே உயரம். ஒன்றிலாவது ஓர் அடையாளம் போட்டிருக்கலாம்.

என்ன கொடி வைப்பது என்பதில்தான் சண்டை. அவருக்கு எதுவானாலும் சட்டிக்கு வர வேண்டும். பீர்க்கு என்றார். அரை டிரம் மண்ணில் பீர்க்குக்கு யார் நாளெல்லாம் தண்ணீர் ஊற்றுவது? அவரை என்றார். அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு வாசலெல்லாம் பிசுபிசுக்கும் என்றேன். நான் காகிதப்பூ கேட்டேன். முள் குத்தும் என்றார். முல்லை கேட்டேன், அது வலையை மூடுவதற்குள் நமக்கே டிரான்ஸ்ஃபர் வந்துவிடும் என்றார்.

"பூவ வறுத்துத் துன்ன முடியுமாடி?"

"எப்பப் பார்த்தாலும் துன்னுறதுலயே இருங்க!"

தெருவே கேட்டது. எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழாது, அது பிறவிக் குணம். கடைசியில் பங்கு பிரித்தோம். ஓரத்து டிரம்களில் எனக்குச் சங்குப்பூவும் அவருக்குப் பாகலும். நடு டிரம்கள் இரண்டில் ஒன்றில் அவர் வெற்றிலைவள்ளிக் கிழங்கு ஊன்றினார். இன்னொன்றுக்கு நான் காந்தளைக் கேட்டேன்.

அடுத்த வீட்டுக்காரியின் சாமைக் கொல்லை வேலியில் அது தானாகப் படர்ந்திருந்தது. கட்டிவிடவே தேவையில்லை, இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூ பச்சையாய்ப் பிறந்து, மஞ்சளாகி, நெருப்பாய்ச் சிவக்கும். கிழங்கு கேட்டபோது அவள் முகம் மாறியது.

"வூட்டு வாசல்ல எதுக்குங்கக்கா அது? கெழங்கு பூரா வெஷம். ஆட்டக்கூட அந்தாண்ட வுடமாட்டோம்."

"நான் இன்னா கெழங்கையா துன்னப் போறேன்? பூவுக்குத்தான."

அவள் சிரிக்கவில்லை. சாக்கில் சுற்றித் தோண்டிக் கொடுத்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். நான் சும்மா இருக்கவில்லை. காந்தள் ஏறிய இடத்தில் கம்பி வலையில் ஒரு சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினேன். "இந்தத் துணிக்குக் கீழ கை வெக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று அவரிடம் பலமுறை சொன்னேன். சரி சரி என்றார்.

மழைக் காலத்தில் வலை முழுக்கப் பச்சை. பஸ்ஸில் போகிறவர்கள் காந்தளை போன் வைத்துப் படம் பிடித்தார்கள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த மண்ணுக்கு அடியில் ஒன்று பெருத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வரும். பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கை போகும். பூவைப் பார்த்ததும் மனசு வராது.

மார்கழிப் பனியில் காந்தளும் வள்ளியும் காய்ந்து மண்ணுக்குள் அடங்கிவிட்டன. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். நான் ஆபீஸில் இருந்தேன். காய்ந்த கொடிகளை அறுத்துப் போட்டு, டிரம்களை நகர்த்தி, சுவருக்கு அடித்து முடித்து, அவரும் அந்த ஆளும் மறுபடி தூக்கி வைத்தார்கள். சாயங்காலம் வந்து பார்த்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. சிவப்புத் துணியும் இருந்த இடத்திலேயே இருந்தது. துணி வலையில்தானே இருந்தது? டிரம்மில் இல்லையே? அது எனக்கு உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

பொங்கல் காலையில் நான் வாசலில் பானை பொங்கக் காத்திருந்தேன். புதுக் கிழங்கு போட்டுக் குழம்பு வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சந்தையில் வாங்கிய சர்க்கரைவள்ளியோடு, தான் தோண்டியதையும் தோல் சீவி நறுக்கி ஒரே தட்டில் கொண்டுவந்தார்.

"எந்த டிரம்முல தோண்டினீங்க?"

"துணி இல்லாததுல. எனுக்கு இன்னா கண்ணு தெரியாதா? டிரம்மு கெழங்கு, சின்னதாத்தான் வந்துக்குது."

வைத்தேன். படைத்தோம். பண்டிகை நாளில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன். என் அம்மாவும் அப்படித்தான். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சங்குப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று வெளியே வந்தேன்.

துணிக்குக் கீழே இருந்த டிரம்மில் மண் வெடித்து மேடு தட்டியிருந்தது. விரலை விட்டேன். ரோமம் ரோமமாய், தடியாய், கனமாய் ஒன்று தட்டுப்பட்டது. வள்ளிக்கிழங்கு.

அப்படியானால் அவர் தோண்டியது?

"ஐயோ, துன்னாதீங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் இலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பண்டிகை நாள், பஸ் இல்லை. அடுத்த வீட்டுக்காரி ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தாள். பாதி மலை இறங்கும்வரை அவருக்கு ஒன்றுமே இல்லை. "நல்லாத்தான் இருக்கேன், சும்மா ஊரைக் கூட்டாதே" என்றார். அதற்கப்புறம் வாந்தி ஆரம்பித்தது, நிற்கவில்லை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை; பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்றே சொன்னார். அந்த நாட்களில் நான் வேண்டாத சாமி இல்லை.

பிழைத்துக்கொண்டார். அவர் பேசத் தொடங்கியதும் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். விஷம் என்றால் விசாரிப்பது அவர்கள் முறை.

"அந்தக் கொடிய வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

"கொழம்பு?"

"நான்தான்."

"நீங்க துன்னலையா?"

"அவர் சாப்ட்டப்புறம்தான சார் நான் சாப்புடுவேன்."

போலீஸ்காரர் கட்டில் பக்கம் திரும்பினார். "வூட்ல எதுனா சண்டைங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஆனது. பிறகுதான், "கெழங்கு மாறிப்போச்சு சார். தோண்டினது நான்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தபின் அவருக்குத் தலைமுடி கொத்துக்கொத்தாய்க் கொட்டி, பிறகு முளைத்தது. தன் மொபைல் ரிப்பேர் கடையை மறுபடி திறந்துவிட்டார். டிரம்களை நானே காலி செய்தேன். வலை வெறுமனே நிற்கிறது. வெயிலும் பஸ்ஸில் போகிறவர்களின் கண்ணும் பழையபடி உள்ளே வருகின்றன.

நேற்று மத்தியானம் சோறு போட்டபோது அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள். அவர் இப்போதைய வழக்கம்போலத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "நீ மொதல்ல சாப்புடு" என்றார்.

"எங்கூட்டு ஆம்பளையும் இருக்குதே! குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றாள் அவள்.

நான் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். நான் விழுங்கும்வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.