சிவந்த ஸ்டிக்கர்

தம்போய் தொழிற்பேட்டையில் எங்கள் நிறுவனத்துக்கு ஒருபக்கம் கார் பட்டறை, மறுபக்கம் மரச்சாமான் கிடங்கு. நடுவில் நாங்கள் ஒரு செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தோம் என்றால் என் அம்மாவே நம்பவில்லை. சின்னதுதான், ஒரு ரொட்டிப் பெட்டி அளவு. மெர்சிங் பக்கம் கடலுக்குப் போகும் படகுகள் ஆபத்தில் அனுப்பும் சமிக்ஞையை வாங்கித் தரைக்கு அனுப்புவது அதன் வேலை. மடித்துவைத்த இரண்டு சூரிய மின்தகடுகள் மேலே போனதும் விரிய வேண்டும். அவற்றின் கீல்கள் என் பொறுப்பு.

கடைசிச் சோதனை முடிந்து வெளி ஆய்வகத்திலிருந்து அது திரும்பிய காலையில், அதை வைத்து அனுப்பிய பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தது. பெட்டி பலமாக அடிபட்டால் நிறம் மாறுவதற்கென்றே ஒட்டியது அது. லாரியோடு போய்வந்த டெக்னீஷியன் அண்ணனைக் கேட்டேன்.

“எறக்குறப்ப ஒரு மூலை டம்முன்னு தரையில இடிச்சிச்சு தங்கச்சி. நான் பார்த்தேன். பேப்பர்ல எழுத வேணாம்னுட்டாங்க.”

நேராக மேலாளரிடம் போனேன்.

“பிரிச்சுப் பார்த்துடலாம் சார். மூணு நாள் போதும்.”

“அந்த ஸ்டிக்கர் லேசா தட்டுனாலே செவந்துரும் லா. வெளியில ஒரு கீறல் இல்ல. ராக்கெட்காரங்க நமக்காகக் காத்திருக்க மாட்டாங்க. உன்கிட்ட ஏதாச்சும் புரூஃப் இருக்கா?”

இல்லை. பிரித்தால்தானே ஆதாரம் கிடைக்கும்? அந்தப் பதில் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு வந்தது.

மறுநாள் அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதலில், ‘கீல்களைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது’ என்று எழுதினேன். வாசித்தபோது முரட்டுத்தனமாகப் பட்டது. ‘வாய்ப்பிருந்தால் சோதிப்பது நல்லது’ என்று மாற்றி அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. ஒப்புதல் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

மேலே போனதும் ஒரு தகடு விரிந்தது. மற்றது விரியவில்லை. எத்தனையோ முறை கட்டளை அனுப்பினோம். எங்கள் தலைக்கு மேல் கடக்கும்போதெல்லாம் அது தன் பேட்டரி அளவைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் எண் குறைந்திருக்கும். பதினோராம் நாள் பிற்பகல் எல்லோரும் ஸ்பீக்கர் முன் நின்றோம். அது கடந்து முடிக்கும்வரை வெறும் இரைச்சல். டெக்னீஷியன் அண்ணன் வெளியே போய்விட்டார்.

‘காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை’ என்று அறிக்கை முடிந்தது. அது பொய்யில்லை. இனி யாராலும் அதைத் திறந்து பார்க்க முடியாது. அந்த மூலை இடித்ததுதான் காரணமா என்பது எனக்கும் தெரியாது. நாளிதழில் படகு காணவில்லை என்ற செய்தி வந்தால் மட்டும், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன்.

நான் வேலையை விட்டு ஓராண்டு கழித்து, பொந்தியானில் நூடுல்ஸ் விற்கும் ஒரு மீ கடையில் மேலாளரைப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார். அவரே எழுந்து என் மேசைக்கு வந்தார்.

“அன்னிக்கு நீ சொன்னப்ப எனக்கும் பயமாத்தான்மா இருந்துச்சு,” என்றார். “நீ இன்னொரு தடவ சொல்லுவேன்னு பார்த்தேன்.”

“ஒரு தடவ சொன்னது பத்தலையா சார்?”

அவர் எதிரே உட்கார்ந்தார். பிறகு எழுந்து தன் மேசைக்கே போனார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவரும் அந்தக் காலையை விட்டு வெளியே வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.