இறால் ஐஸில் புதைத்த ஏரித் தண்ணீர்

படிக்காதவனுக்குக் கோபம்கூடவா வரக்கூடாது? எண்பதுகளில் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் பழவேற்காட்டுக்கு வந்தார். முகத்துவாரத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தாமாகவே கூடிக்கொள்கின்றனவாம். அந்தத் தண்ணீரை உறையவைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாராம். என் படகில் போய் ஒரு பாட்டில் பிடித்து வந்தோம். அவர் சாப்பிடப் போன நேரத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அதை இறால் கெடாமலிருக்க உப்பு தூவி வைத்திருந்த ஐஸில் புதைத்தேன். கல்லாக உறைந்துவிட்டது.

"அறிவிருக்காய்யா?" என்று என் பெண்டாட்டி முன்னாலேயே கத்தினார்.

"இன்னா சார், உறைய வெச்சுப் பாப்பேன்னு நீதான சொன்ன?"

"கண் இமைக்கிற நேரத்துல உறைய வைக்கணும்யா! மெதுவா உறைஞ்சா ஐஸே துகளை நெருக்கித் தள்ளிடும். வலையால மீனை வளைச்சிட்டு, மீன் தானா கூடுச்சுன்னு சொல்லுவியா?"

என் தொழிலை வைத்தே என்னை அடித்துவிட்டார்.

"இன்னா மாமா, மீனு தானா கூடுச்சா?" என்று பெண்டாட்டி வேறு சிரித்தாள்.

கொளுத்தும் வெயிலில் மறுபடி படகைத் தள்ளினேன். புதுத் தண்ணீர் பிடித்தார். திரும்பும் வழியெல்லாம் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். நீச்சல் தெரியாத மனுஷன் உயிரை என்னிடம் ஒப்படைத்தார். பாட்டிலை மட்டும் தொடக்கூட விடவில்லை.