பூவைக் கேட்காமல் போட்ட டிக்கெட்

திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் இருபத்தாறு வருடம் விமான டிக்கெட் போட்டவன் நான். சொந்த ஊர் கோட்டக்குப்பம். துபாய், மஸ்கட், தம்மாம் என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டே தலை நரைத்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "நீங்க பண்ண பெரிய தப்பு எது பாய்?" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ஜப்பான் டூர்தான்.

1. முகூர்த்தம் இல்லாத வாரம்

ஒரு தை மாதம், மார்க்கெட்டில் நாற்பது வருடமாக மல்லி விற்கும் சரோஜாம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆற்றங்கரை முழுக்கச் செர்ரி மரம், மரம் முழுக்கப் பூ.

"இன்னா பாய் இது? இத்தினி பேர் சும்மா பாத்துக்கினு நிக்கறான், ஒருத்தனும் பறிக்கல?"

"ஜப்பானுங்க. பூ பாக்கறதுக்குன்னே கும்பலா போவாங்க. பறிக்க மாட்டாங்க."

"விக்கவும் மாட்டாங்க?"

"மாட்டாங்க."

"அப்ப நான் போயி பாத்தே ஆவணும்."

மறுவாரம் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் பூக்கடைக்காரர்கள். மற்ற கடைக்காரர்கள் செய்த கேலி கொஞ்சநஞ்சமில்லை. 'பூக்காரி பூ பாக்க பிளேன் ஏறுதாம்!' முதல் ஆளாகச் சிரித்தவர் சரோஜாம்மாவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம். சிரித்துவிட்டு அவரும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். சரோஜாம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "பாய், பூவ பாக்காம திரும்பி வந்தேன்னு வெச்சிக்கோ, அப்புறம் இந்த மார்க்கெட்ல நான் தலை காட்ட முடியாது."

தேதி குறிக்க தினசரி காலண்டரையே கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்கள். பூ வியாபாரி முகூர்த்த நாளில் ஊரை விட்டு நகர மாட்டார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் கோயிலுக்குப் போகிற மாலையை விட முடியாது. சித்திரை பிறப்புக்குள் கடைக்குத் திரும்பியாக வேண்டும். நடுவில் ஒரே ஒரு வாரம் காலியாக இருந்தது. சந்தோஷமாகக் குரூப் டிக்கெட் போட்டுவிட்டேன். பூ பார்க்கப் போகிற டூருக்கு, பூவைத் தவிர எல்லாரையும் கேட்டுத் தேதி வைத்த முட்டாள் நான் ஒருவன்தான்.

2. மெயில்

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, ஜப்பானில் எங்களுக்கு ஹோட்டல், ரயில் பார்க்கும் ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். இந்த வருடம் வெயில் முந்திக்கொண்டதாம், டோக்கியோவில் பூ சீக்கிரமே மலர்ந்துவிட்டதாம், நாங்கள் போய்ச் சேரும்போது மரத்தில் இலைதான் இருக்குமாம். மன்னிக்கவும் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

யா அல்லாஹ்! குரூப் டிக்கெட்டில் டேட் சேஞ்ச் கிடையாது. இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பூவுக்குப் பதில் மலை காட்டலாமா, கோயில் காட்டலாமா என்று என்னென்னவோ யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு மார்க்கெட்டுக்குப் போய், மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தை உடைத்தேன்.

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். சரோஜாம்மா நிறுப்பதை நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? வெயிலுக்குத்தான முன்ன பூத்துச்சி?"

"ஆமாங்க."

"அப்ப குளிரு ஊர்ல இன்னும் மொட்டாத்தான் இருக்கும். நம்மூர்ல மல்லி வரலன்னா நான் கடைய மூடிக்கினு பூட்டேனா? வேற ஊர்லேர்ந்து எறக்கல? ஜப்பான்ல குளிரு ஊர் எதுன்னு கேளு. ஜல்தி!"

அங்கேயே நின்று போன் போட்டேன். டோக்கியோவுக்கு வடக்கே ரயிலில் இரண்டு மணி நேரத்தில் ஒரு ஊர், நாங்கள் போகிற வாரம் அங்கே சரியாகப் பூ மலரும் என்றார் ஏஜென்ட். இத்தனை வருடத் தொழிலில் எனக்குத் தோன்றாதது, மல்லி நிறுத்துக்கொண்டே அந்த அம்மாவுக்குத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது.

3. பேரம் பேசாத ஆள்

ஜப்பான் ஏர்போர்ட்டில் பிடிபட்டோம். பூ கொண்டுவரக் கூடாது என்று நூறு முறை சொல்லியும், முறுக்கு டப்பாவுக்குள் ஈரத்துணியில் பதினோரு பேருக்கும் மல்லி கட்டி எடுத்து வந்திருந்தார் சரோஜாம்மா. அந்த அதிகாரி இரண்டு கையாலும் டப்பாவை வாங்கி, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

"மரியாத தெரிஞ்ச ஆளு. பேரமே பேசாம வாங்கிக்கினு போறாரு பாரு" என்றார் சரோஜாம்மா.

4. விரிந்த பூ

அந்த ஊரில் இறங்கி ஆற்றங்கரை திரும்பியதும் பதினோரு தலையும் நிமிர்ந்தன. கரை நெடுக மரம். எந்த மரத்திலும் கிளை தெரியவில்லை, அவ்வளவு பூ.

"இது எத்தினி மொழம் தேறும்?" என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார். அதற்குள் சரோஜாம்மாவின் கை, பழக்கதோஷம், மேலே போய் ஒரு கொத்தைப் பிடித்துவிட்டது.

"சரோஜாம்மா! கைய எடுங்க!"

நான் கத்தியதில் பக்கத்தில் இருந்த ஜப்பான்காரர்கள்கூடத் தங்கள் கைகளை எடுத்துக்கொண்டார்கள். சரோஜாம்மா மெதுவாக விட்டார். அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் நின்றார்.

"வாசன இல்ல பாய். நம்மூர்ல ஒரு மொழம் போவாது."

சரிதான், குறை சொல்லியாயிற்று என்று நினைத்தேன். அப்புறம் குரல் இறங்கிச் சொன்னார்: "நாப்பது வருஷமா மொட்டா வாங்கி மொட்டாவே விக்கறேன். விரிஞ்சிட்டா போணியாவாது. விரிஞ்ச பூவ பாத்தாலே வயிறு எரியும் பாய் எனக்கு. இன்னிக்கித்தான் எரியல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏகாம்பரம் மனைவியைப் போட்டோ எடுத்தார். அதுதான் இப்போது கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மார்க்கெட்டில் கேலி அதோடு நின்றது.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். அதற்குப் பிறகு யார் டூர் கேட்டு வந்தாலும், தேதியை அப்புறம் கேட்பேன், முதலில் 'இன்னா தொழில் பண்றீங்க?' என்று கேட்பேன். நமக்குத் தெரியாத பாதி அவர்களிடம் இருக்கும்.

போன வாரம் சரோஜாம்மா கடைப்பக்கம் போனேன். ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மல்லி, நன்றாக விரிந்து கிடந்தது. ஒரு வாடிக்கையாளர் அதில் கை வைக்கப் போனார்.

"கைய எடு" என்றார் சரோஜாம்மா. "அது பாக்கறதுக்கு."