இராஜபாளையம்: கேட்காமல் நிரப்பிய ஒன்பது கட்டங்கள்

1996, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 8.20க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இராஜபாளையம் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். மேற்கே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததால் மடியிலிருந்த இருபது கணக்கெடுப்புத் தாள்களையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எய்ட்ஸ் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், யாருக்கு ஆபத்து, யார் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் குழு ஒன்றைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்தவன் நான். அன்று ஓர் ஆள் குறைந்ததால் என்னையும் கேள்வி கேட்க அழைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் குழுவின் மேற்பார்வையாளர் செல்வராணி. உள்ளூர்க்காரர், முன்பு நர்ஸ்.

"ஆம்பளைகள நீங்க கேளுங்க, பொம்பளைகள நான் கேக்கேன். ஒண்ணையும் தாண்டிப் போயிராதீங்க சார். நாம கூச்சப்பட்டா அவிய வாயே தொறக்க மாட்டாவ."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ரேஷன் கார்டா?"

"கார்டு இல்ல. உங்களயும் கேக்கணும், எறங்கி வாரீயளா?" என்றார் செல்வராணி. முதல் கேள்வியைப் படித்துவிட்டுக் கண்டக்டர் முன்படிக்குப் போய்விட்டார்.

மதியம் 2 மணி. மில் தொழிலாளர்கள் வாழும் தெரு. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். டீக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கேட்டேன். "இம்புட்டையும் எம் பொண்டாட்டியே கேட்டதில்ல சார். கேட்டிருந்தா கல்யாணமே நடந்திருக்காது!" என்று அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

2.50க்கு வெளியே வந்தேன். அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி, இங்கும் எழுதவில்லை. செல்வராணி தெருக்கோடி வீட்டில் இருந்தார்.

"மூணரைக்கு மில்லு வேன் வந்துரும். கேக்குறத இப்பவே கேளுங்க சார்" என்றார் அந்தப் பெண். செல்வராணிக்குக் காத்திராமல் நானே தொடங்கினேன்.

வயது இருபத்தாறு. எட்டாம் வகுப்பு. கணவர் லாரி டிரைவர், பம்பாய் லைன். மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். பதினெட்டாம் கேள்வி வரை சிரமமில்லை. பத்தொன்பது: கணவருக்கு வேறு பெண்களோடு உறவு இருந்ததாக உங்களுக்குத் தெரியுமா? அதன்பின் எட்டுக் கேள்விகள், ஒன்றைவிட ஒன்று வெளிப்படையாக. கடைசிக் கேள்வி, பரிசோதனை செய்துகொள்ள விருப்பமா என்பது. ஆம் என்றால், பெரியாஸ்பத்திரியில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்ற சீட்டைக் கொடுக்க வேண்டும்.

அவர் தலை குனியவில்லை. நான்தான் குனிந்தேன். ஒன்பது கட்டங்களிலும் 'இல்லை' என்று குறியிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

"முடிஞ்சுதும்மா."

"அம்புட்டுதானா? அண்ணாச்சிய அவ்ளோ நேரம் கேட்டீயளே?"

"பொம்பளைகளுக்குக் கேள்வி கம்மி."

இவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.

"செவுரு வழியா எல்லாம் கேட்டுச்சு சார். எங்கிட்டயும் கேப்பீயன்னு பதில் யோசிச்சு வச்சிருந்தேன்."

வேன் ஹார்ன் அடித்தது. ஒரு நிமிடம் நின்றார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். செத்த நேரம் இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

மாலை 6 மணி, ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜ். செல்வராணியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு புள்ள வாயத் தொறக்க வந்திருக்கா. நீங்க மூடிட்டு வந்திருக்கீய" என்றார். மறுநாளைக்கு ஒரு புதுத் தாளை எடுத்துப் பையில் வைத்தார்.

புதன் காலை 9.15. தெருமுனையில் லாரி நின்றது, அந்தப் பெண்ணின் கணவர் வந்துவிட்டார். "ஏட்டி, சாரு வந்திருக்காவ, காப்பி போடு!" செல்வராணி புதுத் தாளோடு அடுப்படிக்குப் போனார். கணவரை வாசலிலிருந்து நகர்த்துவது என் வேலை. அவரை லாரிப் பக்கம் அழைத்தேன். வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அங்கேயே அவரிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டேன். ஆணிடம் கேட்க எனக்கு நாக்கு நன்றாகவே புரண்டது.

"ரோட்டுப் பொழப்பு சார். எம்புட்டு ஊரோ அம்புட்டு கத" என்றார் தாழ்ந்த குரலில். "போன வருசம் புண்ணு வந்துச்சு. வழியில ஒரு கம்பவுண்டர்ட்ட ஊசி போட்டேன், போயிருச்சு."

"வீட்டுல தெரியுமா?"

"அவளுக்கு என்ன தெரியும்!"

சீட்டைக் கொடுத்தேன். "ஆகட்டும்" என்று பீடிக்கட்டோடு மடித்து வைத்துக்கொண்டார். ஒருவர் சொன்னதை அதே வீட்டில் மற்றவரிடம் சொல்லக் கூடாது என்று தாளின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பெண் காப்பி கொண்டுவந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்; என்னைப் பார்க்கவில்லை.

11 மணி பஸ்ஸில் திரும்பினோம். செல்வராணி புதுத் தாளை நீட்டினார். ஒன்பதும் 'இல்லை'.

"சீட்டு?"

"வேண்டாம்னுட்டா. வீட்டுக்காரரு கொரல் வாசல்ல கேட்டுக்கிட்டே இருந்துச்சுல்லா. 'சாரு நேத்தே எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதிட்டுப் போனாரு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதே இருக்கட்டும்க்கா'ன்னு சொல்லுதா."

நேற்றைய தாளைக் கிழித்துவிடச் சொன்னார். கிழிக்குமுன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது கேட்டு எழுதியது, எது கேட்காமல் எழுதியது என்று மையின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.