ருவாண்டாவுக்கு ஏப்ரலில் போகாதீர்கள், நாங்கள் போனோம்

ருவாண்டா போக நல்ல மாதம் எது என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜூனிலிருந்து செப்டம்பர் நடு வரை. அது தப்பினால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. ஏப்ரல் வேண்டவே வேண்டாம், மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நாங்கள் போனது ஏப்ரலில்.

காரணம் என் அண்ணன் தினேஷ். மலேசியாவில், எங்கள் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன், ருவாண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மிஷின் வேலைக்குப் போனான். போனது செப்டம்பரில். அடுத்த ஏப்ரலில், மழையில், மலை வளைவு ஒன்றில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. பெட்டியில் வந்தான். இங்கேதான் தகனம் செய்தோம்.

ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை உடம்புதான் வந்தது, அவன் வரவில்லை. விபத்தில் போனவர்களின் உயிர் அந்த இடத்திலேயே நிற்கும், சொந்தக்காரர்கள் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இங்கே பக்கத்துக் காப்பார் ரோட்டில் நடந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்போம். முதல் வருஷத் திதிக்குள் கூட்டி வந்தே ஆகவேண்டும் என்று அம்மா நின்றார். திதிக்கு மழைக்காலமெல்லாம் தெரியாது. டிக்கெட் ஒரு ஆளுக்கு 4,800 மலேசிய வெள்ளி. இரண்டு பேருக்குத்தான் முடிந்தது. அப்பா வீட்டில் நின்றார், நான் துணைக்குப் போனேன். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா சேட்டை பண்ணிக்கொண்டிருந்தவள் நான்தானே.

எங்கள் முதல் தப்பு உடுப்பு. மேப்பில் பார்த்தால் ருவாண்டாவும் நம்மைப் போலவே பூமத்தியக் கோட்டுக்குப் பக்கம். நம் ஊர் வெக்கைதான் அங்கும் இருக்கும் என்று டீ-சட்டையாக எடுத்து வைத்தேன். கோட்டுக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் கோட்டு இல்லாமல் போகக் கூடாது! நாடே மலைமேல் இருக்கிறது. தலைநகர் கிகாலியில் பகல் இதமாக இருக்கும், தேயிலை மலையில் இராத்திரி பல் தந்தியடிக்கும்.

இரண்டாவது தப்பு பிளாஸ்டிக் பை. அந்த நாட்டில் தடை. விபூதி, கற்பூரம், அண்ணனுக்குப் பிடித்த முறுக்கு என்று ஒவ்வொன்றையும் அம்மா ஒவ்வொரு பையில் கட்டியிருந்தார். கிகாலி விமான நிலையத்தில் பைகளை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மற்றதையெல்லாம் என் கைலியில் மூட்டை கட்டினோம்.

கிகாலியிலிருந்து மேற்கு மலைக்கு ஆறு மணி நேரம் என்றார் டிரைவர் பாஸ்கால். ஐம்பது வயது இருக்கும், ஆங்கிலம் பேசினார். அங்கே அம்மா வயதுப் பெண்களை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்களாம். “மாமா, குளிருதா?” என்று அவர் கேட்க, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பொம்பளப் பிள்ளையாடி நீ?” என்று அம்மா தொடையில் கிள்ளினார். அண்ணன் போன பிறகு அம்மா என்னைக் கிள்ளியது அதுதான் முதல் தடவை.

வழியில் மண் சரிந்து சாலை மூடியிருந்தது. மூன்று மணி நேரம் நின்றோம். இருட்டுவதற்குள் போகாவிட்டால் திதி தவறிவிடும் என்று அம்மா கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற, “ரேடியோ போடலாமா, அங்கிள்?” என்று கேட்டேன்.

“ஏப்ரலில் நாங்கள் பாட்டுப் போடுவதில்லை. தொண்ணூற்று நாலில் நடந்த இனப்படுகொலைக்கு நாடே துக்கம் காக்கிற மாதம். என் இரண்டு அக்காக்களுக்கும் ஏப்ரல்தான்.”

எதற்காக வந்தோம் என்று சொன்னேன். “உங்களுக்கு இடமாவது தெரிகிறது, மாமா,” என்றார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். அம்மா முன்சீட்டுப் பக்கம் சாய்ந்து, அவர் தோளில் கையை வைத்தார்.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பாஸ்கால் இஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கற்பூரம் நனைந்து பற்றவே இல்லை. அம்மா பனிமூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“தினேஷு… ஐயா தினேஷு… வாய்யா, வீட்டுக்குப் போவலாம்.”

முன்பெல்லாம் வீட்டில் அம்மா அவனைக் கூப்பிட்டால், பின்னாலிருந்து அவன் குரலில் “வந்துட்டேம்மா!” என்று நான் கத்துவேன். அம்மா ஏமாந்து திட்டுவார். அந்த வளைவில் மூன்று தடவை கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. வழி நெடுக அவனுக்கு வழி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தவறிவிடுவானாம். தோஹாவில் அத்தனை கூட்டத்தில் அம்மா, “இங்க பிளேன் மாறணும்யா, அம்மா பின்னாலயே வா,” என்று சத்தமாகச் சொன்னார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ எவரோ என்று நான் தள்ளி நடந்தேன்.

போகிறவர்களுக்கு: தடித்த ஸ்வெட்டர், மழைச் சட்டை, துணிப்பை. மழைக்காலத்தில் மலைப் பயணத்துக்கு ஒரு முழு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் போனால் மெதுவாகப் பேசுங்கள். மலை முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் ஜூன். “ஜூன்ல வாங்க லா, சுத்திக் காட்டுறேன்,” என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கே ஒரு ஜூனைக்கூட அவன் பார்க்கவில்லை.

கேஎல்ஐஏ விமான நிலையத்தில் அப்பா காரோடு நின்றார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு ஊராக அம்மா அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். “அசாம் ஜாவா வந்துருச்சுய்யா,” என்று சொன்னதோடு அம்மா தூங்கிப்போனார். இரண்டு நாளாகக் கண் மூடாதவர். கோல சிலாங்கூர் ஆற்றுப்பாலம் வந்துகொண்டிருந்தது. சொல்லாவிட்டால் தண்ணீரைத் தாண்ட மாட்டானாம். அம்மாவை எழுப்ப மனசு வரவில்லை. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, நீ சொல் என்பதுபோல் தலையசைத்தார்.

“அண்ணே,” என்றேன். “பாலம் வருது. கீழ ஆறு. பயப்படாம தாண்டி வா.”

அப்பா காரை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். பின்னால் லோரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்.